வேற்றுக்கிரகக் கதையின் கடைசித் தாள்

போன வாரம், நான் வேலை செய்யும் தி.நகர் துணிக்கடையில் மதியச் சாப்பாட்டின்போது, பக்கத்து கவுண்டரில் நிற்கும் சுமதி தன் போனை என் பக்கம் திருப்பினாள். வேற்றுக்கிரகத்து ஆட்கள் பூமிக்கு வரும் ஒரு பழைய நாவலுக்கு யார் யாரோ நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார்கள். "ரெண்டு ஸ்டார்தான் குடுத்துகீறான் பாருக்கா, பாதியில தூங்கிட்டானாம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு தயிர்சாத டப்பாவை மூடிவைத்தேன்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். இந்த மாதிரிக் கருத்துகளும் தெரியும். அவற்றை ரப்பரால் அழிப்பது ஒரு காலத்தில் என் வேலை.

பத்தாவதோடு படிப்பு நின்றதும் மந்தைவெளியில் ஒரு வாடகை நூலகத்தில் சேர்ந்தேன். ஒரே அறை, பாச்சை உருண்டை வாசனை. பேச வராத எனக்குத் தோதான இடம். வருகிறவர்கள் புத்தகத்தை நீட்டுவார்கள், நான் தேதி குத்திக் கொடுப்பேன். நூலகத்தை நடத்தியவரைச் 'சார்' என்றே கூப்பிடுவோம். அவர் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவைப்பார். படித்தவர்கள் அதில் பென்சிலால் கருத்து எழுதலாம். ஒரே ஒரு சட்டம்தான்: கதையின் முடிவைச் சொல்லக்கூடாது. யாராவது சொல்லியிருந்தால் நான் அழித்துவிட வேண்டும்.

அந்த வேற்றுக்கிரக நாவலின் மொழிபெயர்ப்பும் அங்கே இருந்தது; அட்டை எப்போதோ போய்விட்டது. கடைசித் தாள் மட்டும் நிறைந்து கிடந்தது. "கதாநாயகியே இல்லை, நேர விரயம்" என்று ஒருவர். அதன் கீழே, "இவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போலும்" என்று இன்னொருவர். "வேற்றுக்கிரகத்தான் எப்படித் தமிழ் பேசுகிறான்?" என்ற கேள்விக்கு, "டியூஷன் வைத்திருப்பான்" என்று பதில். "37ஆம் பக்கத்து சாம்பார் என்னுடையது அல்ல."

கதை இதுதான். வானத்திலிருந்து வருகிறவர்கள் சண்டை போடுவதில்லை. கடல் ஏறப்போகிறது என்று சொல்லி, வீட்டுக்கு வீடு கதவில் எண் எழுதி, எல்லோரையும் கப்பலில் ஏற்றி வேறு கிரகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். எல்லோரும் நல்லபடியாகப் போய்ச் சேர்கிறார்கள். ஒருவர்கூடச் சாவதில்லை. அதனால்தான் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கஸ்தூரி அக்காவுக்குப் பிடித்திருந்தது. அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வந்து, மந்தைவெளியில் ஒரு மாமி வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர். வேலை முடிந்ததும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருவார். ஒருநாள் அந்தப் புத்தகத்தை விரலால் தட்டி, "இன்னாம்மா, இவனுங்களும் கதவுல நம்பர் எய்துறானுங்க. எங்க வூட்லயும் நேத்து எய்திட்டுப் போனானுங்க. ஊருக்கு வெளிய எங்கியோ மாடி வூடாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். "எங்க வூட்டுக்காரருக்கு மூச்சு இழுத்தா இங்கேர்ந்து அரமணி நேரத்துல பெரியாஸ்பத்திரி. அங்கேர்ந்து எப்டி இட்டுகினு வர்றது, சொல்லு."

நான் "ம்" என்றேன். தேதி குத்தினேன்.

குடிசைக்காரர்களை ஏற்றிப்போக லாரி வந்தபோது புத்தகமும் அவரோடு போய்விட்டது. இரண்டு மாதம் கழித்துத் திருப்பித் தர வந்தார். ஆள் பாதியாக இருந்தார். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்க நினைத்தேன், ஆனால் பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கேட்காமல் விட எனக்கு அது போதும். "கதை எப்படி இருந்துச்சுக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"எய்திகீறேன். பட்ச்சுப் பாரு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

படித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதியிருந்தார். "கதை நன்றாக உள்ளது. ஆனால் போனவர்களில் ஒருவர் வண்டியிலேயே இறந்துவிட்டார். தூரம் அதிகம். அவர் மனைவி பக்கத்தில் இருந்தார்."

பாவம், சரியாகப் படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கதையில் அப்படி யாரும் சாவதில்லையே. முடிவைத் தொட்டு எழுதியிருந்ததால் சட்டமும் ஞாபகம் வந்தது. அழித்தேன். ரப்பர் துகளை வாயால் ஊதிவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் செருகினேன்.

ஒன்பது நாள் கழித்து அந்த மாமி வாரப் பத்திரிகை வாங்க வந்தார். "எங்காத்துல வேலை பண்ணிண்டிருந்தாளே கஸ்தூரி, அவ இனிமே வரமாட்டாளாம். ஆம்படையான் போயிட்டான். ஆட்டோல ஏத்திண்டு வர்றச்சே, பாதி வழியிலயே. மாசம் ஒண்ணு ஆறது. உங்கிட்ட சொல்லலையோ?"

"சொன்னாங்க மாமி" என்றேன்.

அவர் போனதும் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "தூரம்" என்ற சொல் மட்டும் பள்ளமாகத் தெரிந்தது. மற்றதைச் சுத்தமாக அழித்திருந்தேன். வேலையில் நான் கெட்டி.

அடுத்த ஞாயிறு, அவர்களைக் கொண்டுபோய்விட்ட அந்த மாடி வீடுகளுக்குப் பஸ் பிடித்துப் போனேன். இரண்டு மணி நேரம். ஒரே மாதிரிக் கட்டடங்கள், வரிசை வரிசையாக. டீக்கடையில் கேட்டால், "எந்த பிளாக்கும்மா? கஸ்தூரின்னா இங்க இருவது பேரு கீறாங்க" என்றார்கள். என்னிடம் இருந்தது உறுப்பினர் அட்டையில் எழுதிய விலாசம்: ஆற்றங்கரை, நாலாவது சந்து, குழாயடி அருகில். யாரிடமும் அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். மறுபடி போகவும் இல்லை.

இப்போது அந்த ஆற்றங்கரையில் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். நாலாவது சந்து எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. நூலகம் இருந்த இடத்தில் செல்போன் பழுதுபார்க்கிறார்கள். மூடும்போது சார் புத்தகங்களை மூட்டை கட்டி எடைக்குப் போட்டார். கஸ்தூரி அக்கா தன் வீட்டுக்காரர் செத்ததை எழுதிவைத்த ஒரே தாளும் அந்த மூட்டையில்தான் போனது. போகும்போது அதில் அவர் எழுதியதில் "தூரம்" என்ற பள்ளம் மட்டும்தான் இருந்தது.