அத்தையின் தொரை நடை

சிரிப்பு உடம்புக்கு மருந்து என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். மருந்துதான், இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் தோட்டத்து லயத்தில் அதைச் சாப்பிட விட்டார்களா என்று கேட்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பாவும் அம்மாவும் கொழும்பில் வேலைக்குப் போய்விட, நான் அப்பாவின் அக்காவோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவில் இருந்தேன். அத்தை கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால் காம்பராவை விட்டுப் போக வேண்டும் என்பார்கள். அத்தை முழங்கால் வீங்கித் தடியூன்றி நடந்ததால், இருந்துவிட்டுப் போகட்டும் என்று மேனேஜர் தொரை விட்டுவைத்திருந்தார். ஆயுள் முழுக்க உழைத்ததற்காக அல்ல, கால் வீங்கியதற்காக.

பதுளையிலிருந்து சுகாதார மிஸ் ஒருவர் சனிக்கிழமைகளில் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். வேலை விட்ட வயசாளிகளை, தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் கூட்டி, கைகால்களை நீட்டி மடக்கச் சொல்வார். அவர்களும் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பதுபோல வரிசையாக நின்று செய்தார்கள். கடைசியில், "சத்தமாச் சிரியுங்கோ அம்மா, வெக்கப்படாதேங்கோ" என்றதும் ஒருவர் வாயும் திறக்கவில்லை. மலையில் கொழுந்து பறிக்கும்போது சிரித்தால் கணக்கப்பிள்ளை ஏசுவார். காலமெல்லாம் ஏச்சு வாங்கிய வாய், மிஸ் சொன்னதும் திறந்துவிடுமா?

அத்தைதான் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னே வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஈரப்புல்லில் சப்பாத்து நனையாமல் தொரை முழங்காலைத் தூக்கித் தூக்கி வைப்பாரே, அப்படியே நடந்து காட்டினாள். அறையே சிரித்தது. ஒரு பெரியவர் சிரித்து இருமி, மிஸ் அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் தொரை நடைதான் கேட்டார்கள். தூக்கித் தூக்கி வைத்ததில் அத்தையின் முழங்கால் வீக்கம் வடிந்தது. தடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வரத் தொடங்கினாள்.

ஒருநாள் அவள் நடந்துகொண்டிருந்தபோது கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். சிரிப்பு பட்டென்று அடங்கியது. இருமிய பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கணக்கப்பிள்ளை கோபப்படவில்லை.

"என்னாக்கா, கால் சொகமாயிருச்சு போல. திங்கக்கெழம கொழுந்துக்கு வந்துருங்க. இல்லாட்டி காம்பராவ வேற ஆளுங்க கேக்குறாங்க."

"எங்கங்க சொகம்? மிஸ்ஸு சொன்னாங்கன்னு தூக்குனேன். உசுரு போவுது" என்று அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்த் தடியை எடுத்து வந்தேன்.

அன்றிலிருந்து மறுபடி தடிதான். சனிக்கிழமை வகுப்புக்கும் அவள் போகவில்லை. மிஸ் லயத்துக்கே வந்து, நல்லாகிவந்த காலை இப்படிக் கெடுக்கிறீர்களே என்று கடிந்துகொண்டார்.  அத்தை தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக்கூட நொண்டிக்கொண்டே போனாள். பாவம், வலி திரும்பிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு மழை நாளில் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். கதவைத் தள்ளினேன். காம்பராவின் நடுவில் அத்தை தடியில்லாமல், கைகளைப் பின்னால் கட்டி, முழங்காலை உயரத் தூக்கி நடந்துகொண்டிருந்தாள். வாயை அகலத் திறந்து சிரித்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.

"சத்தமாத்தானே அத்த சிரிக்கச் சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"கதவச் சாத்துடி மொதல்ல" என்றாள்.

சாரல் உள்ளே அடிக்கிறது என்று நினைத்து, நான் கதவைச் சாத்தினேன்.