றெஜினா அக்கா அப்பாவிடம் கேட்ட கேள்வி

றெஜினா அக்கா போய்விட்டார்.

இன்று காலை, அஜக்ஸில், நித்திரையிலேயே... அவரின் மகள் போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, நிம்மதி. இரண்டு வருஷமாகக் கான்சரோடு பட்ட பாடு அப்படி.

மன்னாரில் டொக்டராக இருந்தவர். இங்கே கனடாவில் லைசன்ஸ் கிடைக்கவில்லை. ஸ்காபரோவில் ஓர் எமர்ஜென்சியில் பிஸிஷியன் அசிஸ்டன்ட் ஆனார். டொக்டரின் மேற்பார்வையில் நோயாளியைப் பார்க்கிற, டெஸ்ட் எழுதுகிற வேலை. அப்போது எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

2009 மே. யுத்தம் முடிந்துவிட்டது என்று ரீவியில் சொல்லி இரண்டு நாள். வன்னியில் இருந்த மாமி, அப்பாவின் தங்கச்சி, உயிரோடு இருக்கிறாவா என்றே தெரியாது.

காலையில் அப்பாவுக்கு நெஞ்சு இறுகியது. எமர்ஜென்சியில் அப்பா "வாய்வு" என்றார், நானும் அதையே இங்கிலிஷில் சொன்னேன். முதல் ஈசிஜியிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

பிறகு அக்கா வந்தார். தான் டொக்டர் இல்லை, அசிஸ்டன்ட் என்று தமிழில் சொன்னார். அப்பா முகத்தைத் திருப்பி, டொக்டரைக் கூப்பிடு என்றார் என்னிடம்.

அக்கா கோபிக்கவில்லை. டொக்டரும் வருவார் என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"ஐயா, பிரஷருக்குப் போடுற குளிசை கடைசியா எப்ப போட்டனீங்கள்?"

அப்பா நிலத்தைப் பார்த்தார்.

"ஏப்ரலிலை நிப்பாட்டிப்போட்டன், பிள்ளை. தங்கச்சிக்கு அங்கை ஒரு பனடோல்கூட இல்லை... நான் என்னெண்டு போடுறது?"

ஒரே வீட்டில்தான் இருந்தேன். எனக்குத் தெரியாது...

அக்கா எழும்பிப் போய் டொக்டரோடு கதைத்தார். இரத்தமும் ஈசிஜியும் திரும்பப் பார்க்க வேண்டும் என்று நின்றார். டொக்டரும் அதற்குச் சம்மதித்தார். ஹார்ட் அட்டாக். மத்தியானமே அடைபட்ட இரத்தக்குழாயில் ஸ்ரென்ற் வைத்தார்கள்.

அடுத்த நாள் அக்கா வோர்டுக்கு வந்து குளிசையை அப்பாவின் கையில் வைத்தார்.

"தங்கச்சி எடுக்கேக்கை போனை ஆர் தூக்கிறது, ஐயா?"

அப்பா குளிசையை விழுங்கினார்.

மூன்று கிழமை கழித்துச் செட்டிகுளம் முகாமிலிருந்து மாமியின் குரல் வந்தது. அப்பா உடனே ஹொஸ்பிட்டலுக்குப் போன் எடுத்து அக்காவுக்குத்தான் முதலில் சொன்னார்.

இப்போது அந்த எமர்ஜென்சியில் நிறைய அசிஸ்டன்ட்மார். போன வருஷம் அப்பாவுக்குக் கையில் தையல் போட்டதும் ஒரு அசிஸ்டன்ட்தான். அப்பா கேள்வி கேட்காமல் கையை நீட்டினார்.

போன ஞாயிறு அவரை அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவால் கனக்கக் கதைக்க முடியவில்லை. எண்பத்திரண்டு வயது அப்பா, கட்டிலோரம் இருந்து கரண்டி கரண்டியாகச் சூப் பருக்கினார்... அப்படித் திருப்பிச் செய்ய அவருக்கு ஒரு நாள் கிடைத்ததே பெரிய விஷயம்.

இன்று அப்பாவிடம் சொன்னபோது, "கஷ்டப்படாமல் போட்டுது. அது காணும்," என்றார்.

நல்லாய்ப் படுங்கோ, அக்கா. இனி ஷிஃப்ட் இல்லை.