நிழலுக்கு ஒரு லீவு லெட்டர்

மலைமேல் இருக்கும் செண்பகனூர்ப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர் நான். வெள்ளிக்கிழமைதோறும் நாள் முழுவதும் ஒரே வேலையை வைத்து எல்லாப் பாடத்தையும் நடத்துவேன் என்று அடம்பிடித்து அனுமதி வாங்கியிருந்தேன்.

"கல்வி அதிகாரி பாக்க வர்றாரு டீச்சர். அவரு சரின்னா தொடருங்க. இல்லேன்னா பழையபடி புத்தகத்த எடுங்க," என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

நாங்கள் எடுத்தது நிழல் கடிகாரம். பெயிண்ட் வாளியில் மணலைக் கொட்டி ஒரு கம்பை நட்டோம். நிழலை அளந்தால் கணக்கு, அது ஏன் நகர்கிறது என்று கேட்டால் அறிவியல், அதைப் பற்றி எழுதினால் தமிழ். பாடம் வெள்ளிக்கிழமைதான், அளவு மட்டும் தினமும், மணிக்கு ஒரு தரம். பதினொரு மணியானால் இங்கே மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது, இந்த மலையிலேயே பிறந்த எனக்கு அப்போது ஞாபகமே வரவில்லை. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்!

அளவு எழுதும் பொறுப்பு வகுப்பு லீடருக்கு. வாய்த்துடுக்கான சிறுமி. அதிகாரி வருகிற அன்று காலையில்தான் அவள் நோட்டைப் பிரித்தேன். பத்து நாளும் பதினொரு மணிக் கட்டத்தில் 'ஆப்சென்ட்' என்று இருந்தது.

"ஏம்மா, நெழலுக்கு யாராச்சும் ஆப்சென்ட் போடுவாங்களா?" என்று கத்தினேன்.

"வரலேன்னா ஆப்சென்ட்டுதான டீச்சர்? எங்களுக்கு நீங்க அப்பிடித்தான போடுறீங்க!"

ரப்பரைத் தேடுவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். கூடவே மூடுபனியும் வந்தது. வாளி இருந்தது, கம்பு இருந்தது, நிழல் இல்லை.

"எங்க டீச்சர் நெழலு?" என்றார் அதிகாரி.

"ஆப்சென்ட் சார்," என்று அவள் நோட்டை நீட்டினாள். "பத்து மணிக்கு இருக்கும், பதினொண்ணுக்கு இருக்காது. தெனமும் இதே சோலிதான். இப்ப பதினொண்ணு ஆயிருக்கும், பாருங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று அடித்து ஐந்து நிமிடம்.

"அடேங்கப்பா! நெழலு இல்லாமலே மணி சொல்லுதே இந்தப் புள்ள!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "சரிம்மா, ஆப்சென்ட்டுன்னா லீவு லெட்டர் எங்க?"

அவ்வளவுதான்! வகுப்பு மொத்தமும் பென்சிலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கடிதம் எழுதும் பாடம் நான் இன்னும் நடத்தவே இல்லை. லீடர்தான் முதலில் முடித்தாள்.

'மதிப்பிற்குரிய ஐயா, மூடுபனி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போவதால் பதினொரு மணிக்கு மேல் பள்ளிக்கு வர முடியவில்லை. விடுப்பு தர வேண்டுகிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த நிழல்.'

அதிகாரி அதை இரண்டு தரம் படித்தார். அடியில், 'விடுப்பு அனுமதிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை வகுப்பும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சந்தோஷத்தில் நான் குதித்த குதியில் பெயிண்ட் வாளி உருண்டு கவிழ்ந்தது.