புதுசு ரெண்டுக்குப் பழசு ஒண்ணு

பழைய ஃபிரிட்ஜ் வாங்கி விற்கும் தொழிலில் பெட்டி குளிர்ந்தால் போதும், விற்கிறவள் குளிர்ந்திருக்க வேண்டியதில்லை. பெங்களூர் பிரேசர் டவுனில் என் கடையைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாருக்கும் என் குரல் தெரியும். பேரம் பேச எனக்குக் கற்றுக்கொடுத்தது ஏமாந்து ஏமாந்து பட்ட அடிதான். வாரண்டி முடிந்த கையோடு பால் திரிந்து, காய் அழுகி, சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டுப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

தட்டிப் பார்த்து வைத்தியம்

கமலா மல்லேஸ்வரம் மார்க்கெட் பக்கம் பூ விற்கிறாள். வரலட்சுமி விரதத்துக்கு முதல் நாள் காலையில் ஆட்டோ பிடித்து என் கடைக்கு ஓடி வந்தாள். வீட்டில் மூட்டை மூட்டையாக மல்லி மொட்டு. கடன் வாங்கி எடுத்த பூ. இந்த ஒரு பண்டிகையில் வருவதுதான் மழைக்காலம் முழுக்க அவளுக்குச் சோறு. ஃபிரிட்ஜோ செத்துக் கிடக்கிறது.

பழைய நீல ஃபிரிட்ஜ் ஒன்று வைத்திருந்தாள். "பாக்க அசிங்கமா இருக்கு" என்று மருமகன் சொன்னதால் அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, கண்ணாடிக் கதவு வைத்த புதுசை வாங்கினாள். போய்ப் பார்த்தேன். வாரண்டி அப்போதுதான் முடிந்திருந்தது. உள்சுவருக்குள், ஃபோமுக்கு நடுவே, எங்கேயோ குழாய் ஓட்டையாகி கேஸ் போயிருக்கிறது. அங்கே யாராலும் கையை விட முடியாது. எனக்கு முன்பே வந்து பார்த்த கம்பெனி டெக்னீஷியன் அதை ரெண்டு தட்டு தட்டிவிட்டுச் சொன்னாராம்: "மேடம், இதுக்கு செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடுங்க. ஆஃபர் ஓடுது."

வாசலை அடைத்த குவியல்

கமலாவை இழுத்துக்கொண்டு அதை விற்ற ஷோரூமுக்குப் போனேன். எக்ஸ்சேஞ்சில் வரும் பழசையெல்லாம் மொத்தமாக அவர்களிடமிருந்து எடுப்பவள் நான்தான். அன்றைக்குப் பழைய பெட்டிகள் அவர்கள் வாசல் வரை அடைத்து நின்றன. பண்டிகைக் கூட்டம் உள்ளே வர வழியில்லை.

"இவளுக்கு ஒரு வழி சொல்லு. இல்லேன்னா ஒரு பெட்டியைக்கூட நான் தொடமாட்டேன். நீயே தலையில சுமந்துக்கோ" என்றேன். கத்தினேன் என்றும் சொல்லலாம். மேனேஜர் வியர்த்துப்போய், செத்ததை எடுத்துக்கொண்டு சின்னதாகப் புது ஃபிரிட்ஜ் ஒன்று தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் சரக்கு பண்டிகை முடிந்துதான் வருமாம். இத்தனை சீக்கிரம் ஏன் கெட்டது என்று கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: "இந்தக் காலத்துல யாரு மேடம் ஒரே ஃபிரிட்ஜோட குடும்பம் நடத்தறாங்க?"

ஹெப்பகோடியில் என் பேச்சு

ஷோரூம் வாசலில் கிடந்ததெல்லாம் ரிப்பேர் பார்த்தால்தான் ஓடும். என் கடையில் அன்று மிஞ்சியிருந்தது புதுசு போல இருந்த ஒரு டபுள் டோர்தான். அதில் உள்ளே காற்று வீசும். காய்கறி தாங்கும், மல்லி மொட்டு காய்ந்துபோகும். பூவுக்குப் பழைய சிங்கிள் டோரின் ஈரக் குளிர்தான் சரி. அப்போதுதான் கமலாவின் நீல ஃபிரிட்ஜ் நினைவுக்கு வந்தது. எக்ஸ்சேஞ்ச் குவியலோடு என்னிடம் வந்ததை ஹெப்பகோடியில் மெஸ் நடத்தும் முருகேசனுக்கு நானேதான் விற்றிருந்தேன்.

டபுள் டோரை டெம்போவில் ஏற்றிவிட்டு, நாங்கள் ஆட்டோவில் போனோம். நீலம் அங்கே அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. "பழசு முருகேசா, எப்ப வேணா போயிடும். இந்தப் பெருசை வெச்சுக்கோ" என்றேன். அவன் அசையவில்லை. "விக்கும்போது 'இரும்புடா, உனக்கப்புறமும் ஓடும்'னு நீங்கதானே சொன்னீங்க?" என்று என் பேச்சையே எனக்குத் திருப்பினான். பேரத்தில் என்னை மடக்கியவன் அவன் ஒருவன்தான்.

கமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் குரலை உயர்த்தினேன். மேனேஜர் தரப்போகும் புதுசும் உனக்கே என்றேன். கமலாவும் தலையாட்டினாள். முருகேசன் நீலத்தின் பிளக்கைப் பிடுங்கியபடி சொன்னான்: "ஒண்ணு போயிடும்னு தெரிஞ்சுதானேக்கா ரெண்டா தர்றீங்க?"

பிளக் என் கையில்

நீலத்தை நிற்க வைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்று டெம்போ டிரைவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவர் எங்கள் ஆட்டோவுக்கு முன்னால் கிளம்பி, மரக்கிளை இடிக்கும் என்று நடுவழியில் படுக்க வைத்துவிட்டார். படுத்து வந்த ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் ஏறியிருக்கும். நிமிர்த்தி வைத்து, ஆயில் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். உடனே போட்டால் இரும்பும் சாகும்.

கமலா வீட்டில் மதியம் முழுக்கப் பிளக்கைக் கைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஈரச்சாக்கில் ஒன்றிரண்டு மொட்டுகள் வாய் திறக்கத் தொடங்கின. "போடுக்கா!" என்று கெஞ்சினாள், பிறகு திட்டினாள். எனக்குத் தெரியாத கன்னட வசவுகூட ரெண்டு வந்தது. நான் கையைத் திறக்கவில்லை. சாயங்காலம் போட்டேன். ஒரு உதறு உதறி, உறுமி, ஓடத் தொடங்கியது.

மறுநாள் காலை அவள் கடையில், திறந்தது போக மிச்ச மொட்டெல்லாம் இறுக்கமாக, வெள்ளை வெளேரென்று இருந்தன. பூ வாங்க வந்த அம்மாள் விலை அதிகம் என்று முகம் சுளித்தாள். கமலா என்னைப் பார்த்துக்கொண்டே அவளிடம் சொன்னாள்: "பேரம் பேசணும்னா அந்த அக்காகிட்ட பேசிட்டு வாங்கம்மா!"

தாழ்ந்த குரல்

பண்டிகை முடிந்து, முருகேசனுக்குச் சொன்ன ஃபிரிட்ஜை மேனேஜர் தானே கூட வந்து என் கடையில் இறக்கினார். இறக்கியும் போகாமல் நின்றார். வீட்டில் அவருடைய ஃபிரிட்ஜ் போய்விட்டதாம். அவர் ஷோரூமில் வாங்கியதுதான். கதவு கனமாக இருக்கும் பழசு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. விலை சொன்னேன், ஒரு பைசா இறங்கவில்லை. பாவம், என் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கேட்பதைப் போலவே கேட்டார்: "நம்மளுக்குள்ள டிஸ்கவுன்ட் கிடையாதாக்கா?"

புது ஃபிரிட்ஜ் செய்கிறவர்கள் நன்றாக இருக்கட்டும், அவர்கள் இப்படியே செய்துகொண்டிருக்கும் வரை என் பழைய பெட்டிக்கு நான் விளம்பரம் கொடுக்க வேண்டியதில்லை.