ஆம்ப் கரகரத்த மாதங்கள்

என் வீட்டுக்காரர் வெளிநாட்டுச் சபரை முடித்துக்கொண்டு வளைகுடாவிலிருந்து ஊரோடு வந்தபோது, பெட்டிகளோடு ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் வந்து இறங்கியது. பழைய வால்வு ரகம். மரப்பெட்டிக்குள் கண்ணாடிக் குழல்கள் லாந்தர் திரி மாதிரி மினுங்கும். அங்கே அறையில் கூட இருந்த சிநேகிதர், சத்தம் இன்னும் காரமாக வரட்டும் என்று உள்ளே சில பாகங்களை மாற்றிக் கொடுத்திருந்தார். வாரம் முழுக்க கம்ப்ரசர் இரைச்சலில் வேலை பார்த்தவருக்கு, வெள்ளிக்கிழமை வாசிப்பதுதான் ஆறுதல்.

உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீடு. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வந்து மாடி அறையில் உட்கார்ந்து வாசிப்பார். கடற்படை ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். முதலில் கொஞ்ச நேரம் சத்தம் சுத்தமாக இருக்கும். அப்புறம் ஒவ்வொரு சுரமும், தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி கிழிந்து வரும். கிட்டார்க்காரர்கள் வேண்டுமென்றே கரகரக்க விடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இத்தனை காலம் கழித்து வீட்டில் இருக்கிற மனுஷனிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. கேட்டபோதெல்லாம் நல்லா இருக்கு என்றேன்.

மெல்ல வாசிப்பது குறைந்தது. விரல் வலிக்கிறது என்றார். பிறகு ஆம்பின் மேல் போர்வை ஏறியது. ஒருநாள் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அதை விற்றுவிடலாமா என்று கேட்டார். ஏன் என்றேன். இடது காதில் எந்நேரமும் ஒரு கூவல் கேட்கிறதாம். அங்கே இருக்கும்போதே தொடங்கியதாம். இப்போது கிட்டாரும் கிழிந்து கேட்கிறதாம்.

"எனக்குக் காது போயிருச்சு புள்ள."

"எனக்கும் கிழிஞ்சுதான் மச்சான் கேக்குது," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அப்புறம் ஏன் நல்லா இருக்குன்னு சொன்ன?"

"நீங்க வேணும்னே அப்புடி வாசிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் நிறுத்தினார்.

ராமநாதபுரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்க்கிறேன். வால்வை நான் தொட்டதில்லை. ரெண்டு பேருக்கும் கிழிந்து கேட்டால் கோளாறு ஆம்பில்தான் என்று, படித்துப் பார்த்துப் பழுது பார்க்க ஆரம்பித்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும் என்று தெரிந்ததும், அவர் வேண்டவே வேண்டாம் என்றார். அதை வடித்துவிட்டுத்தான் கை வைப்பேன் என்று சமாதானம் சொன்னேன். மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டிய இடங்களில், நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடாதபடி ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் சுவிட்சில் விரலை வைத்தபடி, வாய்க்குள் ஓதிக்கொண்டே நின்றார்.

புது வால்வு போட்டும் கரகரப்பு போகவில்லை. வேறு ஸ்பீக்கர் மாட்டினோம், அதிலும் அதே கதை. அப்புறம்தான் கடைசி வால்வின் முனையில் மீட்டரை வைத்தேன். இருக்கக் கூடாத மின்னழுத்தம் அங்கே இருந்தது. ஆம்ப் சூடாகச் சூடாக அது ஏறியது. வால்வுக்குள் இருந்த தகடு அடுப்புக் கங்கு மாதிரி சிவந்தது. பாட்டை மட்டும் கடக்க விட்டு நேர்மின்சாரத்தைத் தடுக்க வேண்டிய கெப்பாசிட்டர் கசிந்துகொண்டிருந்தது. சிநேகிதர் மாற்றிப் போட்டதில் அதுவும் ஒன்று. அவனிடம் இதைச் சொல்ல வேண்டாம், ஆசையாகச் செய்து கொடுத்தான் என்றார் மச்சான்.

புதுக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்துவிட்டு வாசிக்கச் சொன்னேன். பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை வாசித்தார். ஒரு சுரமும் கிழியவில்லை. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கூவல் மட்டும் அப்படியே இருக்கிறது என்றார். டாக்டரிடம் போவோம் என்றேன். சரி என்றார்.

மதுரையில் காதைச் சோதித்தார்கள். இடது காதில் மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, திரும்பாது. வலது காது நன்றாக இருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் அவர் உட்கார்ந்துகொண்டார். நான் பேசுவது வலது காதில் விழட்டும் என்று.

இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலது காதை ஆம்புக்குக் கொடுத்து வாசிக்கிறார். நடுவில் நிறுத்தி எப்படி என்று கேட்பார். ரெண்டாவது கம்பி சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கு என்பேன். முறுக்கிவிட்டு மறுபடி தொடங்குவார்.