முனி கூட்டி வைத்த இடம்

இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று என் அக்கா வீட்டுச் சுவரில் நான்கு வருடம் தொங்கியது. அது மச்சானுடையது அல்ல, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையுடையது. மச்சான், அதாவது அக்காவின் கணவர், மலாயாவில் செராஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்தார். அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கும் டிரசர். ஞாயிற்றுக்கிழமைகளில் துரையின் மேசைக்குக் காட்டுக்கோழியோ புறாவோ சுட்டுக் கொடுப்பது மச்சானின் பொறுப்பு என்பதால் துப்பாக்கி அவர் வீட்டிலேயே கிடந்தது. எண்ணெய் தொட்டு அதை அவர் துடைக்கிறபோது அக்கா முணுமுணுப்பாள். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்ட இந்த மனுஷனுக்கு இவ்வளவு பொறுமை இருந்ததில்லை என்பாள்.

துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பும் வருடம் வந்தது. போவதற்குள் தனக்கு ஒரு குவாங் சேவல் வேண்டும், பாடம் செய்து கொண்டுபோய் வீட்டில் வைக்க வேண்டும் என்றார். கொண்டுவந்தால் துப்பாக்கியும் அதற்கு வேண்டிய லைசென்ஸ் கடிதமும் கிராணிக்கே என்று வாக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்க் கிராணியின் பெயரில் துப்பாக்கி இருப்பது சாதாரணக் காரியமில்லை. மச்சான் அன்று இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

குவாங் என்பது மலாய்க்காரர்கள் வைத்த பெயர். கோழி இனந்தான், ஆனால் மயிலளவு இருக்கும். சேவலின் சிறகில் கண் கண்ணாக வரிசை ஓடும். வாலில் இரண்டு இறகு மட்டும் நாலடிக்கு நீண்டு கிடக்கும். மச்சான் வேலைக்கு வந்த புதிதில் தோட்டத்தைச் சுற்றியிருந்த நான்கு மேட்டிலிருந்தும் அதன் குரல் கேட்குமாம். பிறகு மூன்று மேடுகளில் ரப்பர் வந்துவிட்டது. காட்டை வெட்டியது கம்பெனி, மிஞ்சிய கோழிகளைத் தின்றது நாங்கள். அக்கா வைத்த குழம்பை நானும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கியவன்தான். கடைசியில் ஒரே மேட்டில் ஒரே குரல் மட்டும் கேட்டது. மூன்று வருடமாக மச்சான் அதன் வாலைக்கூடப் பார்க்கவில்லை.

இப்படி இருக்கையில், பால் வெட்டும் பெண்கள் இரண்டு பேர் விறகு பொறுக்க அந்த மேட்டுக்குப் போனார்கள். அடர்ந்த காட்டின் நடுவே ஒரு வீட்டு முற்றம் அளவுக்குத் தரை சுத்தமாக இருந்தது. ஒரு சருகு இல்லை, ஒரு குச்சி இல்லை. யாரோ விளக்குமாற்றால் கூட்டிவிட்டுப் போனது மாதிரி இருந்ததாம். அந்தப் பக்கமிருந்துதான் விடியற்காலையில் மனிதர் கூப்பிடுவது போன்ற குரல் வரும் என்பது தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். இது முனியாண்டி நடமாடும் இடம் என்று முடிவாயிற்று. சாயங்காலமே பூவும் வெற்றிலையும் கொண்டுபோய் வைத்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் எல்லாம் ஓரத்தில் தள்ளிக் கிடந்தது, தரை மறுபடியும் சுத்தம். முனி தானே கூட்டி வைக்கிறார் என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

செய்தி கேட்டு மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு என் காதோடு சொன்னார்.

"டிரசரே, இது சேவல் ஆடுற இடம். பொட்டைய வரவழைக்க அதுவே கூட்டி வச்சுக்கும். ஒரு இலை விழுந்தாலும் பொறுக்காது."

மலாய்க்காரர்கள் இப்படிப்பட்ட தரையில் கூராகச் சீவிய மூங்கில் பட்டை ஒன்றை நட்டுவைப்பார்களாம். பறவை அதையும் குப்பை என்று நினைத்துக் கழுத்தை வளைத்து இழுக்கும், அறுபட்டுச் சாகும். அதையும் அன்றுதான் எனக்குச் சொன்னார். கையில் துப்பாக்கி இருக்கிறவன் அந்த வேலை செய்யக்கூடாது என்றார். லயத்தில் மட்டும் வாயைத் திறக்க வேண்டாம் என்று எச்சரித்தார். கோழி என்று தெரிந்தால் ஆளுக்கொரு கண்ணியோடு கிளம்பிவிடுவார்கள், துரை கேட்ட சேவல் யாருடைய சட்டியிலாவது வெந்துவிடும் என்பது அவர் பயம். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு. மற்ற நாட்களில் விடிவதற்குள் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கூப்பிட்டாக வேண்டும். மூன்று ஞாயிறு புதருக்குள் உட்கார்ந்து பார்த்தார். பறவை வரவில்லை.

அந்தச் சமயத்தில் பால் வெட்டும் ஒருத்தியின் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. புருஷனை இழந்தவள், ஒரே பிள்ளை. பத்து நாள் பையனுக்குக் கொயினா மருந்து கொடுத்தது நான். குணமானதும் நேர்த்திக்கடன் போனது முனிக்கு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கொல்லரிடம் சொல்லி முழ நீளத்தில் அரிவாள் அடித்து வந்தாள். ஒரு சனிக்கிழமை மாலை, சனம் எல்லாம் கூடியிருக்க, அந்தத் தரையின் நடுவே அதைச் செங்குத்தாக நட்டார்கள். கொல்லர் தன் வேலையில் குறை வைக்கவில்லை. வாய் பளபளவென்று இருந்தது.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கற்பூரம் காட்டி முடித்து எல்லாரும் இறங்கிப் போகும்வரை இருவரும் பேசவில்லை. வழியில் மெதுவாகச் சொன்னார்.

"வெள்ளன வந்துருவோம். அது வர்றதுக்கு முன்னாடி புடுங்கி ஓரமா வச்சிருவோம்."

ஞாயிறு விடியும்போது மேட்டில் இருந்தோம். அது எங்களுக்கு முன்பே எழுந்துவிட்டது. அரிவாளின் அடியில் சிறகு விரிந்து கிடந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. ஒரு குண்டுகூடப் படாத முழுச் சேவல், துரை கேட்டதைவிட நல்லது. மச்சான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எடுத்துக்கொண்டு நடந்திருந்தால் துப்பாக்கி அன்றே அவருடையதாகியிருக்கும். நான் அவசரப்படுத்தினேன்.

"என் கையால செத்திருந்தா எடுத்துட்டுப் போவேன்" என்றார்.

அதற்குள் பால் பொங்க வைக்கச் சனம் ஏறி வந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். முனி தன் பலியைத் தானே எடுத்துக்கொண்டார் என்று பேச்சு. மச்சான் சேவலை அரிவாளின் அடியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். அங்கேயே சமைத்து எல்லா வீட்டுக்கும் பங்கு கொடுத்தார்கள். எங்கள் பங்கை அக்கா மூடியே வைத்திருந்தாள், யாரும் தொடவில்லை. அடுத்த மாதம் துரை போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பலேறினார். துப்பாக்கியும் அவரோடு ஏறியது.

இரண்டு வாரத்தில் அந்த இடம் சருகால் மூடிவிட்டது. குரலும் நின்றுவிட்டது. முனி போய்விட்டார் என்ற பேச்சு எழுந்தது. எதனால் போனார்? தீட்டோடு அரிவாள் நட்டதால் போனார். அரிவாள் நேர்ந்துகொண்ட அந்தப் பெண்ணோடு குழாயடியில் பேசுவதை நிறுத்தினார்கள். மகனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, இவனுக்கு மறுபடி காய்ச்சல் வந்துவிடுமா ஐயா என்று அழுதாள். அன்றிரவு சாப்பாட்டின்போது மச்சானிடம் சொன்னேன். அந்த வாரமே தரை மறுபடி சுத்தமாகிவிட்டது. லயத்தில் எல்லாருக்கும் உயிர் வந்தது. குழாயடியில் அவளுக்கும் இடம் விட்டார்கள்.

எனக்குச் சந்தேகம். ஒரு நாள் இருட்டு பிரியும் முன் போய்ப் பார்த்தேன். பெரிய கிராணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஈர்க்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொம்பளைக்காகவா மச்சான்?"

"அவளுக்காகத்தான்." கொஞ்ச நேரம் கூட்டினார். "தரை சுத்தமா இருந்தா, எங்கயாச்சும் மிச்சம் ஒண்ணு இருந்தா, பார்த்துட்டு வரும்லா."

"வந்தா என்ன பண்ணுவீங்க? துப்பாக்கிதான் போயிருச்சே."

"வரட்டும் முதல்ல" என்றார்.

வரவில்லை. முனிக்குத் தகரக் கொட்டகை போட்டு, பெண்கள் முறை வைத்துக் கூட்டத் தொடங்கும்வரை அவர் கூட்டினார். காய்ச்சலில் அவர் படுத்த ஒரு வாரம் நான் கூட்டினேன். இன்று அந்த மேட்டைச் சுற்றித் தாமான் என்கிற குடியிருப்பு வந்துவிட்டது. கோவிலுக்குச் சிமெண்டுத் தரை, மின்விசிறி எல்லாம் உண்டு. அந்தக் காலத்தில் முனியே வந்து கூட்டி வைப்பார் என்று வருகிறவர்களுக்குச் சொல்கிறார்கள். நீங்கள் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்கிறவர்களிடம் பார்த்தேன் என்றே சொல்கிறேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மச்சான்மேல் கோபம் வரும். அந்தச் சனிக்கிழமை, அரிவாளை நட்டபோது, அது கோழி ஆடும் இடம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துப்பாக்கிமேல் ஆசை, அவர் சொல்லவில்லை. எனக்கு அந்த ஆசைகூட இல்லை. நானும் சொல்லவில்லை.