டூர்பியோனுக்குச் சாவி கொடுத்தவன்

விலை உயர்ந்த கைக்கடிகாரம் வைத்திருப்பவருக்கு ஒரே கவலைதான்: அதை நாலு பேர் பார்க்க வேண்டும். அதற்குச் சாவி கொடுக்க வைக்கப்பட்டவனுக்கோ அதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது. பெரிய இடத்தில் ஒரே ஒரு பொருளைக் காவல் காத்துச் சம்பளம் வாங்கியவர்கள் உங்களில் இருந்தால் என் பாடு உடனே புரியும். எனக்கு அந்தக் கடிகாரத்தால் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

என்ன உத்தியோகம்?

ஐம்பதுகளின் கடைசியில், இலஞ்சிப் பண்ணையார் ஒருவர் பம்பாய் வியாபாரி மூலமாகச் சுவிட்சர்லாந்துக் கைக்கடிகாரங்களை வரவழைத்துச் சேர்த்துவந்தார். அவற்றில் ராஜா, டூர்பியோன். கடிகாரத்தின் உயிர்நாடியான சக்கரத்தை ஒரு சின்னக் கூண்டுக்குள் வைத்து, அந்தக் கூண்டையே நிமிடத்துக்கு ஒரு தரம் சுற்ற விட்டிருப்பார்கள். நிமிர்த்தி வைத்தாலும் சாய்த்து வைத்தாலும் நேரம் பிசகாமல் இருக்க இந்த ஏற்பாடு. தினமும் காலை ஏழு மணிக்கு அதற்குச் சாவி கொடுத்து, பட்டுத்துணியால் துடைத்துப் பெட்டியில் வைப்பது என் வேலை. ஏழு மணி ஆகிவிட்டதா என்பதைக் கூடத்துச் சுவர்க்கடிகாரத்தில் பார்த்துக்கொள்வேன்.

அச்சன்புதூரில் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அப்பா என் உத்தியோகத்தை விசாரித்தார். விளக்கமாகச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அது காலையிலயே முடிஞ்சிரும். பொறவு என்ன சோலி பாக்கீரு?" என்றார்.

பின்மூடி

சாரல் தொடங்கியதும் பண்ணையார் குற்றாலத்து பங்களாவுக்குப் போவார். கடிகாரங்களும் வரும், நானும் போவேன். முன்னாலிருந்து பார்த்தால் டூர்பியோன் என்பது ஒரு வெள்ளை முகமும் சில முட்களும்தான். பள்ளிக்கூட வாத்தியார் கட்டியிருப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. சுற்றுகிற கூண்டு பின்பக்கம், மூடிக்கு அடியில் இருக்கிறது. ஆகவே விருந்தாளி வந்து உட்கார்ந்ததும், "மூடியத் திறலே" என்பார். திறந்தால் விருந்தாளியின் மூச்சும் குற்றாலத்துச் சாரலும் சேர்ந்து உள்ளே போகும். ரசிக்க ரசிக்கக் கடிகாரம் சீக்காளியாகிப் பம்பாய்க்குப் போகும். குணமாகி வந்த அன்றே மறுபடி மூடி திறக்கும்.

ஒரு தடவை சிவகிரியிலிருந்து வந்த நண்பர் அருவியில் குளித்த ஈரத்தலையோடு வந்து, பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரை நான் துண்டால் ஏந்திக்கொண்டிருந்தேன்; உள்ளே போன மூச்சின் ஈரத்தைத் தடுக்க வழியில்லை. பண்ணையார் பாராட்டுக்காகக் காத்திருந்தார். நண்பர் நிமிர்ந்து, "சுத்துதுன்னு சொன்னீங்களே அண்ணாச்சி, இது சும்மால்லா இருக்கு" என்றார்.

அசையாத கை

மெட்ராஸிலிருந்து வந்த ஒரு கடிகாரப் பிரியர் விஷயம் தெரிந்தவர். டூர்பியோன் சட்டைப்பையில் அசையாமல் நிற்கிற கடிகாரத்துக்காகக் கண்டுபிடித்தது, கை சதா ஆடிக்கொண்டிருப்பதால் கைக்கடிகாரத்துக்கு அவ்வளவாகத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். பண்ணையார் முகம் செத்துப்போயிற்று.

பண்ணையாரின் கை காலையில் சாய்வு நாற்காலியின் சட்டத்தில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்கும். வெற்றிலை மடித்துக் கொடுக்கக்கூட ஆள் உண்டு. வந்தவர் அதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "கவலைப்படாதீங்க சார். இது உங்க கைக்குன்னே செஞ்சதுதான்" என்றார். அந்தச் சீசன் முழுக்கப் பண்ணையார் இதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முகூர்த்தம்

ஆனியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தக் கடிகாரத்தை வேறு யாரும் தொடப் பண்ணையார் சம்மதிக்க மாட்டார். "ஏழு மணிக்கு நீ இங்கன இருக்கணும்லே" என்றார். முகூர்த்தமும் அதே நேரம். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில், கடிகாரத்தோடு தானே அச்சன்புதூருக்கு வருவதாக இறங்கி வந்தார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மணவறையில் ஐயர் தாலியை நீட்டினார். பக்கத்திலேயே பண்ணையார் கடிகாரத்தை நீட்டினார். "மொதல்ல சாவியக் குடுலே. நேரம் தப்புனா நின்னுரும்." பெண் வீட்டு ஜனம் எட்டிப் பார்த்தது. கூட்டத்தைக் கண்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. "அப்படியே பின்மூடியையும் திற. இவங்களும் பாக்கட்டும்." தவில்காரர்கூடத் தவிலை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் முணுமுணுத்தார். ஒரு பக்கம் சம்பளம், ஒரு பக்கம் சம்சாரம். உண்மையிலேயே பயந்துபோனேன்.

அதுவரை தலை நிமிராமல் இருந்த பெண், குனிந்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அது நின்னா பொறவு ஓடும். நான் எந்திச்சா பொறவு உக்கார மாட்டேன்."

கடிகாரத்தைப் பண்ணையார் கையிலேயே விட்டுவிட்டுத் தாலியைக் கட்டினேன். அந்த வேலை அன்றோடு போனது.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது ஒரு சாதாரணச் சுவர்க்கடிகாரம். அதற்குச் சாவி கொடுப்பது அவள், நேரம் தவறாமல் ஓடுவது நான்.